சொம்பும் சொம்பின் படமும்

வீட்டுப் பொருளை அதன் படத்தோடு பொருத்தும் விளையாட்டைப் பிள்ளைக்கு நாமே செய்து தரலாம். அதற்கு முன், ஒன்பது மாதக் குழந்தைக்கு முன்னால் ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்துப் பாருங்கள். பளிச்சென்ற பந்தின் படத்தைக் குழந்தை தடவும், தட்டும், விரலால் சுரண்டும், தாளிலிருந்து அதைப் பிடுங்கி எடுக்கப் பார்க்கும். புத்தகத்தைக் கிழிக்கிறான் என்று வீட்டில் அதட்டுவார்கள். பாவம், பிள்ளை பந்தை எடுக்கத்தான் முயல்கிறான். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டெலோச்சும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1998இல் இதை முறையாகச் சோதித்து எழுதினார்கள். அமெரிக்கக் குழந்தைகள் செய்ததையேதான் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் கிராமக் குழந்தைகளும் செய்தார்கள். பத்தொன்பது மாதம் ஆகும்போது கை மாறிவிடுகிறது. பிடிக்கப் போன விரல், படத்தைச் சுட்டிக் காட்டத் தொடங்குகிறது.

இடைப்பட்ட அந்தப் பத்து மாதத்தில் நடப்பது பெரிய காரியம். தாளில் இருக்கும் சாயம் வேறொன்றைக் குறிக்கிறது என்பதை, யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே குழந்தை பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகும் கற்க வேண்டியது மிச்சம் இருக்கிறது. டெலோச் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆய்வில், பதினெட்டு மாதக் குழந்தைகளுக்குப் படம் நேராக இருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் ஒன்றாகவே இருந்தது. முப்பது மாதத்துப் பிள்ளைகள் நேராக இருப்பதையே விரும்பினார்கள். ஆகவே ஒன்றரை வயதுப் பிள்ளை பட அட்டையைத் தலைகீழாக வைத்துப் பொருத்தினால் அதுவும் சரியான விடைதான். திருத்த வேண்டாம்.

படம் பொருத்தும் விளையாட்டு இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. கடையில் விற்கும் அட்டைகளில் பெரும்பாலும் படத்துக்குப் படம் பொருத்தச் சொல்வார்கள். நிறமும் கோடும் ஒன்றுபோல் இருப்பதைக் கண் கண்டுபிடித்தால் போதும், அது என்ன பொருள் என்று தெரியாமலே பொருத்திவிடலாம். பொருளுக்குப் படம் பொருத்தும்போது மனசுக்கும் வேலை வருகிறது. உருண்டையாக, கனமாக, சில்லென்று கையில் இருக்கும் சொம்பும், தட்டையாக இருக்கும் அட்டையும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று பிள்ளை முடிவு செய்தாக வேண்டும். என்னைக் கேட்டால் தொடக்கம் இங்கேதான் இருக்க வேண்டும். 1939இல் அடையாற்றுக்கு வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்து பணியாற்றிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையைப் பின்பற்றும் வகுப்புகளில், பொருளைத் தொட்டுப் பழகிய பிறகுதான் அதன் அட்டை கைக்கு வரும்.

செட்டிநாட்டு வீட்டில் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் டம்ளர், பனையோலையில் பின்னிய கூடையான கொட்டான், விசிறி, தேங்காய்ச் சிரட்டை, எனாமல் கிண்ணம், கதவின் பெரிய இரும்புச் சாவி என்று கைக்கெட்டும் தூரத்திலேயே எல்லாம் இருக்கிறது. பிள்ளை தினமும் பார்ப்பதாக, ஏற்கெனவே எடுத்து உருட்டி விளையாடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பரணில் இருக்கும் அரிய சாமான் நமக்குத்தான் பெருமை, பிள்ளைக்கு அது புதிர்.

படம் எடுக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை. வெள்ளை வேட்டி ஒன்றை மடித்து விரித்து, அதன் மேல் பொருளைத் தனியாக வைத்து, முற்றத்தில் வெயில் நேராக விழாத இடத்தில் போனில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பித்தளையில் அது வெள்ளைத் திட்டாக விழும். அந்தத் திட்டையும் பொருளின் ஒரு பாகம் என்றே குழந்தை பார்க்கும். மேலிருந்து எடுத்தால் சொம்பு வெறும் வட்டமாகிவிடும் என்பதால், பிள்ளை தரையில் உட்கார்ந்து பார்க்கும் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். நாலு அங்குலச் சதுரத்தில் கலர் பிரிண்ட் போட்டு, பழைய காலண்டர் அட்டையிலோ கனமான கல்யாணப் பத்திரிகையிலோ மைதாப் பசையால் ஒட்டி, மூலைகளை வளைத்து வெட்டிவிட்டால் முடிந்தது.

வரையத் தெரிந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். வரையலாம், ஆனால் இரண்டாம் கட்டத்தில். கேப்ரியல் சிம்காக்கும் டெலோச்சும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகத்தில் பார்த்ததைச் செய்து காட்டச் சொன்னபோது, வண்ணப் புகைப்படம் பார்த்த குழந்தைகள் கோட்டுச் சித்திரம் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். வயது குறையக் குறைய, படம் அசலைப் போலவே இருப்பது அவர்களுக்கு அவசியமாகிறது.

பல்லாங்குழிச் சோழியையும் புளியங்கொட்டையையும் இந்த விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு.

அட்டை தயாரானதும் ஜிகினா ஒட்ட, திறந்து மூடும் கதவு வைக்க, ஓரத்தில் குஞ்சம் கட்ட ஆசை வரும். இங்கேதான் அறிவியல் குறுக்கே நிற்கிறது. காரணத்தை விளக்க டெலோச்சின் இன்னொரு சோதனையைச் சொல்ல வேண்டும். ஓர் அறை, அதே அறையின் சின்ன மாதிரி ஒன்று, பொம்மை வீடுபோல. மாதிரியில் ஒரு குட்டி பொம்மையைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பதைக் குழந்தை பார்க்கிறது. பெரிய பொம்மை பெரிய அறையில் அதே இடத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் நேரே போய் எடுத்துவிட்டார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள் அறையெல்லாம் தேடினார்கள். மறதி காரணம் இல்லை. மாதிரி அறையில் குட்டி பொம்மை இருந்த இடத்தை அவர்கள் சரியாகக் காட்டினார்கள். 1987இல் வெளியான இந்த ஆய்வில் வியக்கவைத்த செய்தி வேறு. மாதிரிக்குப் பதில் வெறும் படத்தில் இடத்தைக் காட்டியபோது அதே இரண்டரை வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பொம்மை வீடு அதனளவிலேயே சுவாரசியமான பொருள். அதைத் தொட்டு விளையாடத் தோன்றும்போது, அது இன்னோர் அறைக்குப் பதிலாக நிற்கிறது என்பது பிள்ளையின் மனசில் ஏறுவதில்லை. ஒன்றை அதுவாகவும், வேறொன்றின் அடையாளமாகவும் ஒரே நேரத்தில் மனசில் வைத்திருப்பது சின்ன மூளைக்குக் கடினம். பிறகு செய்த சோதனைகளில், மாதிரியைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தொட முடியாமல் வைத்தபோது இரண்டரை வயதுப் பிள்ளைகள் தேறினார்கள். முன்கூட்டியே மாதிரியோடு விளையாடவிட்டபோது மூன்று வயதுப் பிள்ளைகள் தடுமாறினார்கள். ஜிகினா ஒட்டிய அட்டையும் இப்படித்தான் தானே ஒரு விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். படத்தைத் தவிர கவனத்தை இழுக்க வேறெதுவும் இல்லாத வெற்று அட்டைதான் நல்ல அட்டை.

விளையாட்டைத் தொடங்கும்போது பட்டாலையில், அதாவது வீட்டின் கூடத்தில், இரண்டே பொருள், ஓர் அட்டை. அப்பத்தா அட்டையைக் காட்டி, "அப்பு, இது சொம்பு. சொம்பு எங்கடா இருக்கு?" என்று கேட்கிறார். பேரன் டம்ளரை எடுத்தால், "இது டம்ளரு. சொம்பு இந்தா இருக்கு பாரு" என்று அட்டையைச் சொம்பின் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். அட்டையைக் காட்டிச் சொம்பு என்றால், அட்டைக்கே அந்தப் பெயர் என்று குழந்தை நினைத்துவிடாதா? மெலிசா ப்ரைஸ்லரும் சூசன் கேரியும் 2004இல் இதைத்தான் சோதித்தார்கள். பதினெட்டு, இருபத்து நாலு மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத ஒரு சமையல் கருவியின் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்து, பிறகு படத்தையும் அசல் கருவியையும் முன்னால் வைத்து அந்தப் பெயரைக் கேட்டார்கள். அதற்கு முன் கருவியையே பார்க்காத குழந்தைகளும் அசலைத்தான் எடுத்தார்கள், அல்லது இரண்டையும் சேர்த்து எடுத்தார்கள். படத்தை மட்டும் எடுத்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம்.

புதுச் சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், தெரிந்த இரண்டு படங்களுக்கு நடுவே தெரியாத ஒன்றை வையுங்கள். சொம்பு, டம்ளர், இதுவரை பெயர் தெரியாத அரிவாள்மனை. "அரிவாமனை எங்க?" என்றால், தெரிந்த இரண்டையும் கழித்துப் பிள்ளை மூன்றாவதைக் காட்டிவிடும். அந்தக் கணத்தில் கற்றுக்கொண்டது போலத் தெரியும், ஆனால் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் நினைவில் இருக்காது. ஜெசிகா ஹோர்ஸ்டும் லாரிசா சாமுவேல்சனும் 2008இல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் காட்டியது இது. ஹோர்ஸ்ட் குழு இரண்டரை வயதுப் பிள்ளைகளோடு நடத்திய 2010ஆம் ஆண்டு ஆய்வில், தெரிந்த பொருள்கள் இரண்டு மட்டும் பக்கத்தில் இருந்தபோது புதுப் பெயர் நினைவில் நின்றது. மூன்று, நான்கு ஆனபோது நிற்கவில்லை. இருபது அட்டையைப் பரப்பிவைத்தால் அறிவு கூடும் என்று நம்பும் வீடுகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வயதைத் தாண்டினால் பெயரும் வடிவமும் சேர்ந்தே நடக்கும். நிறமும் அளவும் மாறினாலும், வடிவம் ஒன்றாக இருந்தால் அதே பெயர்தான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வதை 1988இல் பார்பரா லாண்டௌ, லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் காட்டினார்கள். சிவப்புக் கொட்டான் படத்தைக் கொடுத்துப் பச்சைக் கொட்டானோடு பொருத்தச் சொல்ல இதுதான் வயது.

அடுத்த படிக்கு, செட்டிநாட்டு வீடுகளில் தரையில் பதிக்கும் வண்ண ஆத்தங்குடிக் கல் காத்திருக்கிறது. எல்லாக் கல்லும் ஒரே சதுரம். வடிவத்தைப் பிடித்துக்கொண்டு விடை சொல்ல வழியில்லை, மேலே இருக்கும் பூவைப் பார்த்தே ஆக வேண்டும். கல் செய்யும் இடத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் இட்டு, இறுகியபின் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடி தந்த வழவழப்பு கல்லிலேயே தங்கிவிடும். இதில் நமக்கு வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது: ஒரே அச்சில் வேறு வண்ணம் ஊற்றலாம், ஒரே வண்ணத்தை வேறு அச்சிலும் ஊற்றலாம்.

சிவப்புப் பூவும் பச்சை நட்சத்திரமும் மாதிரிக் கற்கள் என்று வையுங்கள். பிள்ளை கையில் கொடுக்கும் அட்டைகளில் பச்சைப் பூவும் சிவப்பு நட்சத்திரமும். முதலில் நிறத்தைப் பார்த்துப் பொருத்தச் சொன்னால் மூன்று வயதில் செய்துவிடுவார்கள். உடனே விதியை மாற்றி, இப்போது பூவோடு பூ என்று சொன்னால், பலர் பழையபடி நிறத்துக்கே போவார்கள். பூ எங்கே போகணும் என்று கேட்டால் சரியாகக் காட்டுவார்கள், ஆனால் அட்டை கைக்கு வந்ததும் பழைய விதியே ஜெயிக்கும். ஃபிலிப் ஸெலாஸோவும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் எழுதியது இதைத்தான். தொடங்கிய விதியை அடக்கிப் புது விதிக்கு மாற உதவும் மூளையின் முன்பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதட்டினால் வேகமாக வளர்ந்துவிடாது. மூன்று வயதில் ஒரு நாள் நிறம், வேறொரு நாள் பூ என்று தனித்தனியாக விளையாடுங்கள். நான்கரை, ஐந்து வயதில் ஒரே ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றிப் பாருங்கள்.