பேக்கர் ராடை ஸ்க்ரூடிரைவரால் குத்தாதீர்கள்

டோல் பிளாசாவிலோ கான்கிரீட் சாலையிலோ தளம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கட்டங்களுக்கு இடையே உள்ள பிளவுதான் ஜாயின்ட். அதில் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடும். அதுதான் சீலன்ட், பிளவை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள். அந்தக் கோட்டுக்கு அடியில் பாலிஎத்திலீன் நுரையால் ஆன ஓர் உருண்டைக் கயிறு ஒளிந்திருக்கிறது. சைட்டில் எல்லோரும் அதை பேக்கர் ராட் என்பார்கள். பில் போடும்போது பெரிய தொகை சீலன்டுக்குத்தான் போகிறது. ராடுக்கு ஆகும் செலவு சொற்பம். அதனால்தானோ என்னவோ, ராடை யார் வைத்தார்கள், எவ்வளவு ஆழத்தில் வைத்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

ஜாயின்ட் சீலிங் வேலையில் இருப்பவன் என்பதால், பிய்ந்துபோன ஜாயின்ட்களைப் பார்க்கச் சொல்லி அடிக்கடி அழைப்பு வரும். "சார், மெட்டீரியல் சரியில்லை, கம்பெனியை மாத்திடலாமா?" என்றுதான் பேச்சே தொடங்கும். கத்தியால் ஓரிடத்தில் அறுத்து வெளியே எடுத்துப் பார்த்தால் சீலன்ட் நன்றாகத்தான் இருக்கும். குறை பெரும்பாலும் ராடில் இருக்கும். ஓரிடத்தில் அது ஆழத்துக்குப் போய் விழுந்திருக்கும். அரை மீட்டர் தள்ளி, மேலே எழும்பி வந்து சீலன்டைக் காகிதம்போல மெலிய வைத்திருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் ராடே இருக்காது.

முதலில் ஜாயின்ட் எதற்கு என்று பார்த்துவிடுவோம். நம் ஊர் நெடுஞ்சாலைக் கான்கிரீட்டில் குறுக்கு ஜாயின்ட்கள் பெரும்பாலும் 4.5 மீட்டருக்கு ஒன்றாக வரும். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.01 மி.மீ. நீளும். தளத்தின் வெப்பம் 30 டிகிரி மாறினால் 4.5 மீட்டர் கான்கிரீட் கட்டம் 1.35 மி.மீ. வரை நீண்டு சுருங்கப் பார்க்கும். 10 மி.மீ. அகல ஜாயின்டில் நிற்கும் சீலன்ட், தன் அகலத்தில் 13 சதவீதத்துக்கு மேல் இழுபட்டு அமுங்க வேண்டும். கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதால் ஜாயின்ட் விரிவது இதற்கு மேல். நல்ல சிலிகான் சீலன்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட இடமில்லாமல் நடுவிலோ ஓரத்திலோ கிழிந்துவிடும். மூன்று பக்கமும் ஒட்டிய சீலன்ட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் நிலைக்காது.

அடியில் ஒட்டவிடாமல் தடுப்பது ராட்தான். சீலன்ட் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. சிலிகான் என்றால் அகலத்தில் பாதி தடிமன் போதும். 10 மி.மீ. ஜாயின்டுக்கு 5, 6 மி.மீ. அடியில் உருண்டையான ராட், மேலே ஸ்பேட்சுலாவால் இழுத்த குழிவு, இரண்டும் சேரும்போது சீலன்ட் உடுக்கையைப் போல நடுவில் இடை சிறுத்தும் இரண்டு சுவர்களில் அகன்றும் நிற்கும். இழுபடும்போது மெல்லிய நடுப்பகுதி நீண்டுகொடுக்கும். ஒட்டியிருக்கும் ஓரங்களுக்கு அவ்வளவு பாரம் போகாது.

சரி, சைட்டில் நடப்பது என்ன? ஒருவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இடது கையால் ராடை ஜாயின்டின் மேல் இழுத்துப் பிடித்துக்கொள்வார். வலது கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அதன் முனையால் நான்கு விரற்கடைக்கு ஒரு குத்து, ஒரு அழுத்து. இதில் மூன்று தவறுகள் ஒன்றாக நடக்கின்றன. குத்திய இடத்தில் ராட் ஆழமாகவும் குத்துக்கு நடுவே மேடாகவும் போய், ராடின் மேல்மட்டம் அலையலையாக ஆகிறது. இழுத்துப் பிடித்ததால் ராட் மெலிகிறது. பிறகு அது மெல்லச் சுருங்கித் தன் நீளத்துக்குத் திரும்பும்போது முனைகளில் இடைவெளி விழுகிறது. மூன்றாவதுதான் மோசம். ராடின் நுரை அறைகள் மூடியவை, உள்ளே வாயு அடைபட்டிருக்கும். கூர்முனை பட்டு அந்த அறைகள் உடைந்தால், வெயில் ஏற ஏற வாயு வெளியேறி, இன்னும் இறுகாத சீலன்டுக்குள் குமிழாகப் புகுந்துவிடும். மறுநாள் காலையில் சீலன்ட் மேல் வரிசையாகக் கொப்புளங்கள் தெரிந்தால் உடனே சீலன்ட் கம்பெனிக்குப் போன் போடாதீர்கள். முந்தின நாள் ராடை எதை வைத்து அழுத்தினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இதற்குத்தான் நின்றபடி தள்ளிக்கொண்டு போகும் ராட் ரோலர் இருக்கிறது. அமைப்பு மிக எளிது. இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடி. கீழே ஜாயின்டின் இரு புறமும் தளத்தின் மேல் உருளும் சக்கரங்கள். அவற்றுக்கு நடுவே ஜாயின்டுக்குள் இறங்கும் ஒரு மெல்லிய வட்டத் தட்டு. பக்கச் சக்கரங்களின் மட்டத்துக்குக் கீழே இந்தத் தட்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதுதான் ராடின் ஆழம். போல்ட்டைத் தளர்த்தியோ வேறு அளவுத் தட்டை மாட்டியோ ஆழத்தை மாற்றிக்கொள்ளலாம். யார் தள்ளினாலும், எவ்வளவு அலுப்பில் தள்ளினாலும் ஆழம் மாறாது. அளவு கையை விட்டுக் கருவிக்குப் போய்விடுகிறது. நான் இதை வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். சில ரோலர்களில் ராட் சுருளை மாட்டும் தண்டும் சேர்ந்தே வருகிறது. ராட் தானாக அவிழ்ந்து ஜாயின்டின் மேல் விழும், பின்னால் வரும் தட்டு அழுத்திக்கொண்டே போகும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு என்றில்லை. ஒரு நல்ல லேத் பட்டறையில் ஜிஐ பைப், பேரிங் போட்ட சக்கரங்கள், ஒரு தட்டு கொடுத்தால் செய்து தருவார்கள். தட்டின் விளிம்பை மட்டும் நீங்கள் நேரில் நின்று பாருங்கள். விரலை ஓட்டினால் வழுவழுப்பாக, உருண்டையாக இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் அதுவும் ஸ்க்ரூடிரைவர் செய்த வேலையைத்தான் செய்யும். தட்டின் தடிமன் ஜாயின்ட் அகலத்தைவிடக் குறைவாக இருக்கட்டும், ஆனால் கத்தி மாதிரி மெலிதாக வேண்டாம். 10 மி.மீ. ஜாயின்டுக்கு 6 மி.மீ. தட்டு சரியாக வரும்.

ஆழக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 10 மி.மீ. ஜாயின்ட், சிலிகான் சீலன்ட். டயர் உரசாமல் இருக்க சீலன்டின் மேல்மட்டம் தளத்துக்குக் கீழே 6 மி.மீ. இருக்க வேண்டும். சீலன்டின் தடிமன் நடுவில் 6 மி.மீ. ஆக, ராடின் உச்சி 12 மி.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். தட்டை 12-க்கு வைத்து, இரண்டு மூன்று மீட்டர் ஓட்டி அளந்து பாருங்கள். நுரை கொஞ்சம் எதிர்த்து மேலே வரும் என்பதால் ஒன்றோ இரண்டோ மி.மீ. கூட்டி வைக்க வேண்டியிருக்கும். ராடின் விட்டம் ஜாயின்டைவிடக் கால் பங்கு கூடுதலாக, அதாவது 12 அல்லது 13 மி.மீ. இருக்க வேண்டும். பக்கவாட்டில் அமுங்கும்போது அது உயரத்திலும் கொஞ்சம் கூடும். ஜாயின்டில் முதலில் ஒரு மெல்லிய வெட்டுப் போட்டு, பிறகு அதன் மேற்பகுதியை மட்டும் அகலப்படுத்துவார்கள். எல்லாம் சேர்த்தால் அந்த அகலப்படுத்திய வெட்டு குறைந்தது 25 மி.மீ. ஆழம் வேண்டும். கட்டர்காரர் 18 அல்லது 20 மி.மீ. மட்டும் வெட்டிவிட்டுப் போயிருந்தால், ராட் கீழே இருக்கும் படியில் இடித்து நின்றுவிடும். என்ன அழுத்தினாலும் இறங்காது. ஆள் மேலும் அழுத்துவார், நுரை நசுங்கும். எனவே ராட் வேலை தொடங்கும் முன் வெட்டின் ஆழத்தை நாலைந்து இடங்களில் அளந்துவிடுங்கள்.

ஜாயின்டின் அகலமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே பாதையில் 8 மி.மீ. ஓரிடம், 12 மி.மீ. ஓரிடம் இருக்கும். ஒரே அளவு ராடை வைத்து எல்லாவற்றையும் முடிக்க நினைக்கக் கூடாது. தொளதொளவென்று கிடக்கும் ராட் சீலன்ட் விழுந்ததும் அமிழ்ந்துவிடும். தானாகப் பரவும் வகைச் சீலன்ட் என்றால் ராடைத் தாண்டி ஒழுகியே போய்விடும்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். முந்தின வெட்டின் சேறு சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கக் கூடாது. தண்ணீர் விட்டு வெட்டிய உடனே கழுவியிருக்க வேண்டும். பிறகு சுவர் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். காம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் வருகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியில் அடித்துப் பார்த்துவிட்டு ஊதுங்கள். ராடை ஜாயின்டின் மேல் தளர்வாக விரியுங்கள், இழுக்காதீர்கள். முதல் ஓட்டத்தில் ராட் பாதி இறங்கினால் போதும். இரண்டாவது ஓட்டத்தில் முழு ஆழம். ஒரே மூச்சில் இறக்கினால் தட்டு ராடை முன்னுக்குத் தள்ளி நீட்டிவிடும். நெடுக்கு ஜாயின்டும் குறுக்கு ஜாயின்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றைத் தொடர்ந்து விட்டு, மற்றதை அதில் முட்டுமாறு நேராக நறுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் அங்கே சீலன்டுக்கு இடமே இருக்காது. அன்றைக்குச் சீல் செய்யப்போகும் நீளத்துக்கு மட்டும் ராட் போடுங்கள். இரவுப் பனியும், ஐப்பசி மழை நாட்களில் திடீரென்று கொட்டும் தண்ணீரும் ராடுக்கு அடியில் தேங்கிவிட்டால், எல்லாவற்றையும் பிடுங்கி உலர்த்துவதைத் தவிர வழியில்லை.

வேலை செய்பவர்களின் உடம்பைப் பற்றிப் பேசாமல் விட முடியவில்லை. ஜாயின்டைச் சுரண்டுவது, ராட் வைப்பது ஆகிய வேலைகளைப் பல சைட்களில் பெண்கள்தான் செய்கிறார்கள். கொதிக்கும் கான்கிரீட்டில் காலையிலிருந்து மாலைவரை குந்தியபடியே நகர வேண்டும். சாயங்காலம் எழுந்து நிற்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறார்கள். நின்றபடி தள்ளும் கருவி வந்த சைட்களில் இந்த அவதி வெகுவாகக் குறைகிறது. வேகமும் கூடுகிறது, ஆனால் எனக்கு வேகம் அடுத்த விஷயம்தான். இன்னொன்றும் உண்டு. பக்கத்து லேனில் வண்டி ஓடிக்கொண்டிருக்க இங்கே வேலை நடக்கும். தரையோடு தரையாகக் குனிந்திருப்பவரை லாரி டிரைவரால் எளிதில் பார்க்க முடியாது, குனிந்திருப்பவருக்கும் லாரி வருவது தெரியாது. நிமிர்ந்து நிற்பவருக்குக் குறைந்தபட்சம் விலக ஒரு நொடி கிடைக்கும். அதற்காகத் தடுப்புக் கோன்களையும் ஒளிரும் சட்டையையும் விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கருவி எல்லா இடத்துக்கும் ஆகாது. விளிம்பு உடைந்த ஜாயின்டில் பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஆழம் மாறிவிடும். முதலில் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும். சாலையோரக் கெர்ப் கல்லின் ஓரம், மேன்ஹோல் மூடியைச் சுற்றிய பகுதி இங்கெல்லாம் கையளவு ரோலரோ முனை மழுங்கிய மரக்கட்டையோதான் சரி.

சூடாக ஊற்றும் சீலன்ட் என்றால் ராடையே மாற்ற வேண்டும். சாதாரண பாலிஎத்திலீன் 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும். சூடான சீலன்டோ அதைவிட மிக அதிகச் சூட்டில் விழுகிறது. வெப்பம் தாங்கும் ராட் தனியாகக் கிடைக்கிறது. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி5249 தரத்தில் வகை 1 சூடான சீலன்டுக்கும் ஆகும், வகை 3 குளிர்ந்த நிலையில் போடுவதற்கு மட்டும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தளத்துக்கு வேறு விதி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இப்போது எங்கே திரும்பினாலும் கிடங்குகள் எழும்புகின்றன. அங்கே சிறிய, கெட்டியான சக்கரங்கள் ஜாயின்டின் விளிம்பை ஓயாமல் இடிக்கும். விளிம்புக்கு முட்டுக் கொடுக்கும் அளவுக்குக் கெட்டியான எபாக்ஸியையோ பாலியூரியாவையோ வெட்டின் முழு ஆழத்துக்கும் நிரப்ப வேண்டும். ராட் வைத்தால் நிரப்பியின் அடியில் மெத்தை போட்டதுபோல் ஆகி, அது அமிழ்ந்து விளிம்பு உடைய ஆரம்பிக்கும். சாலை வேலையில் பழகிய அணிகள் கிடங்குக்குப் போனதும் கை பழக்கத்தில் ராடை எடுத்துவிடுகின்றன. மெட்டீரியல் மிச்சமாகிறதே என்று சிலர் தெரிந்தே வைக்கவும் செய்கிறார்கள்.

வேலை வாங்கும் இன்ஜினியர்களுக்கு: சாலை ஜாயின்ட் சீலிங்குக்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 57 தனி வழிகாட்டியாக இருக்கிறது, ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிடுங்கள். சீலன்ட் கன்னை எடுக்கும் முன் ராடின் ஆழத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் ஒரு கட்டத்தையும் சேருங்கள். சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு சிறு மரக்கட்டையில் ஆணி அடித்து, தலைப்பக்கம் 12 மி.மீ. வெளியே நீட்டும்படி வையுங்கள். கட்டையை ஜாயின்டின் குறுக்கே வைத்தால் ஆணித்தலை ராடை லேசாகத் தொட வேண்டும். தொடாவிட்டால் ராட் ஆழம், கட்டை தூக்கிக்கொண்டால் மேடு. ஐந்து மீட்டருக்கு ஒன்று பார்த்தால் போதும். சீலன்ட் இறுகிய பிறகு ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தெடுத்து, தடிமனை அளந்து, அடிப்பக்கத்தைத் திருப்பிக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அறுத்த இடத்தில் புது ராட் வைத்து அதே சீலன்டால் அன்றே அடைத்துவிடலாம்.