தொட்டி நீரில் தெரிந்த இழைகள் புழுக்கள் அல்ல

மன்னவனூர்ப் பக்கம் காரட் பயிரிடும் விவசாயி ஒருவர், தோட்டத்துத் தொட்டி நீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் அந்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "முடி மாதிரி புழு நெளியுதுப்பா" என்று சொல்லியிருக்கிறான். நானும் ஒரு துளியை ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். இழைகள் இருந்தது உண்மைதான். ஆனால் அவை தாமாக அசையவில்லை, நீரோட்டத்தில்தான் ஆடின. அருகிலேயே, நீந்த உதவும் சாட்டை போன்ற இரண்டு கசையிழைகளுடன் பழுப்பு நிறத்தில் நீந்திய கிரிப்டோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் உமிழ்ந்தவை அவை.

இந்தப் பாசியின் தொண்டை போன்ற பள்ளத்தை ஒட்டிப் பெரியனவும், மேலுறைக்கு அடியில் சிறியனவுமாக, எஜெக்டிசோம் எனப்படும் நுண்ணுறுப்புகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும், செல்லுக்குள் புரதங்களைப் பையிலிடும் கோல்கி உறுப்பில் உருவாகும் ஒரு சவ்வுப் பைக்குள், அளவில் ஒன்றுக்கொன்று சமமில்லாத இரண்டு நாடாச் சுருள்களைக் கொண்டது. இறுக்கிச் சுற்றிய கடிகார வில்லைப் போல விசை அந்தச் சுருளிலேயே தேங்கியிருப்பதால், சூடோ, அதிர்ச்சியோ, உப்பு, அமிலத்தன்மை போன்றவற்றின் திடீர் மாற்றமோ தாக்கியதும் சுருள் அவிழ்ந்து வெளியே பாய்கிறது. நாடாவின் ஓரங்கள் உட்புறமாகச் சுருண்டு அது நீண்ட குழலாகிவிட (ஸ்லைடில் தெரிந்த இழை இதுதான்), செல் எதிர்த்திசையில் துள்ளி விலகுகிறது. விளக்கின் சூடு ஏற ஏற, ஸ்லைடில் இந்தத் துள்ளலை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாடா புரதத்தால் ஆனது. அதைவிட வியப்பானது அந்தப் புரதத்தின் உறவுமுறை. பாரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிரிக்குள் குடியிருக்கும் கேடிபாக்டர் என்னும் பாக்டீரியா, ஆர்-பாடி எனப்படும் இதே போன்ற ஒரு சுருளைச் செய்கிறது, சுமார் 0.5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள அந்த நாடா, அமிலச் சூழலில் அவிழ்ந்தால் 20 மைக்ரோமீட்டர் வரை நீளும். பாசியின் நாடாப் புரதங்கள் இந்த ஆர்-பாடிப் புரதங்களின் உறவினவே என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியாவின் ஆயுதம் பாசியின் தற்காப்பில் எப்படி இடம்பெற்றது என்ற கேள்வி, வேலைக்கு நடுவிலும் என்னை விடுவதில்லை. பாரமீசியத்துக்கும் சொந்தமாக ஓர் எறியுறுப்பு உண்டு. ஆனால் அது சுருளன்று, கால்சியம் பட்டதும் நீளும் படிகப் புரதம்.

கிரிப்டோமோனாஸ் நஞ்சு சுரப்பதாக அறியப்படவில்லை. எனினும் அது பெருகியிருந்தால் தொட்டிக்குள் உரமோ சாணமோ கரைந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். குடிப்பதற்கு அந்த நீர் ஏற்றதா என்பதைப் பாக்டீரியாப் பரிசோதனைதான் சொல்லும், அதுவரை கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. அவருடைய பாட்டில் பஸ்ஸில் வெயில் படும் ஜன்னலோரமாகக் குலுங்கியபடி வந்திருந்தது. மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் ஊற்றினால் இத்தகைய மென்மையான செல்கள் உருக்குலைந்துவிடும் என்பதால், ஒரு பாட்டிலை உயிருடன் நிழலிலும் குளிர்ச்சியிலும் கொண்டுவரச் சொல்லி, இன்னொன்றில் விடுவதற்கு, செல்களின் உருவம் கெடாமல் காக்கும் லுகால் அயோடின் கரைசலைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம், ஈரச் சாக்கில் சுற்றி வந்த மாதிரியில் செல்கள் முழுதாக நீந்தின. இழைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.