பண்டிகை முடிந்த பிறகு காலியாகும் இனிப்பு டப்பா

பண்டிகை முடிந்த வாரத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் எடை மெஷினைப் பார்த்தாலே தயங்குவார்கள். "மேடம், இன்னிக்கு வேண்டாமே, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார்கள். ஏறி நின்றால் ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். மாதக்கணக்கில் பட்ட பாடு மூன்று நாளில் வீணாகிவிட்டதே என்று முகம் வாடிவிடும். உணவியல் நிபுணராக அப்போது நான் முதலில் செய்வது அவர்களுடைய கணக்கைத் திருத்துவதுதான்.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு கிலோ என்றால் 15,000-க்கும் மேல். வழக்கமான சாப்பாடு போக, மூன்று நாளில் இவ்வளவையும் சாப்பிட்டுத் தீர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மெஷின் காட்டியதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்திலும் சர்க்கரையிலும் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். எடை குறைப்புக்காக அளவோடு சாப்பிட்டு வந்தவர்களுக்கு இந்தக் கையிருப்பு குறைந்திருக்கும். விருந்து வந்ததும் மளமளவென்று நிரம்பிவிடும். நொறுக்குத்தீனியில் உள்ள உப்பு வேறு தன் பங்குக்குத் தண்ணீரை நிறுத்தி வைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இதெல்லாம் தானாக இறங்கிவிடும்.

அப்படியென்றால் பண்டிகையால் எடையே ஏறாதா என்றால், ஏறும். ஆனால் நாம் பயப்படுகிற மாதிரி இல்லை. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2000-ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவைச் சேர்ந்த 195 பேரின் எடையைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான விடுமுறைக் காலத்தில் அவர்களுக்குச் சராசரியாக ஏறியது 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. அவர்களைக் கேட்டபோது, நிஜத்தில் ஏறியதைவிட மிக அதிகமாக ஏறிவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். சிக்கல் எங்கே என்றால், ஏறிய அந்தக் கொஞ்சம் பிறகு இறங்கவில்லை. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறியது சராசரியாக 0.62 கிலோ. அதில் பாதிக்கும் மேல் அந்தச் சில வாரங்களில் வந்ததுதான். ஆண்டுக்கு அரைக் கிலோ என்று பத்து ஆண்டு போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பேச்சு ஒரு நாள் விருந்தைப் பற்றியதல்ல என்பதைக் கவனியுங்கள். பண்டிகைக்கு முன்பே அலுவலகத்தில் ஆரம்பித்து, வீட்டுக்கு வீடு கைமாறி, முடிந்து பத்து நாளாகியும் ஃபிரிட்ஜில் மிச்சம் இருக்கிறதே, அந்த நீண்ட காலத்தைப் பற்றியது. பண்டிகையன்று இலையிலோ தட்டிலோ வைத்துச் சாப்பிடுகிற இனிப்பு எனக்குப் பெரிய கவலை இல்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கிலும் வருகிறது. டப்பாவில் மிஞ்சியதுதான் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

என்னிடம் வரும் ஒரு பெண், ஐம்பதை நெருங்குபவர், தினமும் சாப்பிடுவதை நோட்டில் ஒழுங்காக எழுதிவிடுவார். பண்டிகை வாரத்திலும் எழுதியிருந்தார். காலை, மதியம், இரவு எல்லாம் அளவாகவே இருந்தன. இனிப்பு என்ற பேச்சே நோட்டில் இல்லை. "வீட்ல செஞ்ச ஸ்வீட் எல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டேன், பிள்ளைங்க சாப்பிட்டாங்க, தீந்து போச்சு" என்றார். எப்படித் தீர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தோம். கொடுக்கிறதற்காகப் பெட்டியில் அடுக்கும்போது உடைந்த துண்டுகளை வைக்க முடியாது, அது வாய்க்குப் போனது. மூலை நேராக இல்லாததைக் கத்தியால் சீவினார், சீவியது வாய்க்குப் போனது. பிள்ளை பாதி கடித்து வைத்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. சாயங்காலம் டீயோடு அரைத் துண்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அரைத் துண்டு. எல்லாமே நின்றுகொண்டே, வேறு வேலை பார்த்துக்கொண்டே. "இதெல்லாம் சாப்பிட்டதுல சேத்தியா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சேர்த்திதான். சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி, நெய், வெண்ணெய், எண்ணெய் எதுவானாலும் கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி. இரண்டும் கெட்டியாகச் சேர்ந்த இனிப்பு 40 கிராம், அதாவது ஓரளவு சின்ன துண்டே, 180 கலோரியைத் தொட்டுவிடும். உடைந்தது, சீவியது, மிஞ்சியது என்று ஒரு நாளில் 60 கிராம் போனால் 270. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 130, 140 கலோரி. "நடந்து கரைச்சுக்கலாம்" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். நடைக்கு வேறு பலன்கள் உண்டு, சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரை அவ்வளவாக எகிறாது. அதற்காக நடங்கள். இனிப்புக்கு அபராதம் கட்டுவதற்காக நடக்க வேண்டாம்.

கணக்கில் வராத இந்த மிச்சம் முதல் பொறி என்றால், இரண்டாவது பொறி மனசில் இருக்கிறது. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்த்து மதிப்பிடச் சொல்லி, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே ஆகும். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர்கள் நேர்மாறாக, மில்க் ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். அவர்கள் மனசுக்குள் ஓடியதை யாரும் ஊகிக்கலாம்: விரதம் கலைந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது.

இதை நான் வாராவாரம் பார்க்கிறேன். "இந்தப் பண்டிகைக்கு ஸ்வீட்டைத் தொடவே மாட்டேன்" என்று சபதம் போட்டு வருபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். காலையில் ஒன்று வாயில் போனதும் "இன்னிக்கு நாள் போச்சு, நாளையிலிருந்து பாத்துக்கலாம்" என்று ஆகி, ராத்திரிக்குள் ஐந்தாறு உள்ளே போய்விடும். மறுநாளும் வீட்டில் விருந்தாளி வந்துவிடுவார், "திங்கட்கிழமையிலிருந்து" என்று தள்ளிப் போகும். முதல் இனிப்பால் வந்தது 180 கலோரி. சபதம் உடைந்ததால் வந்தது அதைப்போலப் பல மடங்கு. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு முழுத் தடை எதையும் நான் விதிப்பதில்லை. விதித்தால் கேட்க நன்றாக இருக்கும், பலன் இருக்காது.

எது உங்களுக்கு உயிர், எது சும்மா கை நீட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் அம்மா செய்வது என்றால் அதைச் சாப்பிடுங்கள். ஆண்டு முழுவதும் கடையில் கிடைக்கிற பிஸ்கட்டும் சாக்லேட்டும் பண்டிகைப் பெயரில் உள்ளே நுழைய வேண்டாம். வேண்டியதை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடுங்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்து "மிச்சம் பிடித்து" சாயங்காலம் இனிப்பை எடுப்பவர்களுக்கு ஒன்றோடு கை நிற்காது. பருப்பு, முட்டை, மீன், காய்கறி என்று எதுவோ ஒன்று வயிற்றில் இருக்கும்போது சாப்பிட்டால் துண்டின் அளவும் குறையும், ரத்தச் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும்.

வகை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரே பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன் ருசி சலித்துவிடும், ஆனால் பக்கத்தில் வேறு நிறத்தில், வேறு பதத்தில் ஒன்று இருந்தால் ஆசை மறுபடி முளைக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1980-களிலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டவரும் கடைசியில் இனிப்புக்கு இடம் கண்டுபிடிப்பது இதனால்தான். பத்து வகை அடுக்கிய தட்டு முன்னால் இருந்தால் எல்லாவற்றிலும் "சும்மா ஒரு வாய்" என்று போய், மொத்தத்தில் நான்கு துண்டு ஆகிவிடும். இரண்டு வகையோடு நிறுத்திக்கொள்பவருக்கு அடக்கமே தேவைப்படாது, சலிப்பே வேலையைச் செய்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில், குறைவாக வாங்குங்கள் அல்லது செய்யுங்கள். கொடுக்க வேண்டியதைப் பண்டிகையன்றே கொடுத்துவிடுங்கள். மிஞ்சியதைக் கண்ணாடி டப்பாவில் மேசை மேல் வைக்காமல், உள்ளே இருப்பது தெரியாத டப்பாவில், கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக்கூடியதை ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். சமைப்பவர் ருசி பார்க்க ஒரு தேக்கரண்டி போதும், கரண்டி வேண்டாம்.

வெளியே போனால் உபசரிப்பு. இதில் மனவலிமையைவிட வாய்சாமர்த்தியம் உதவும். "நான் டயட்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்ன நிமிஷமே அங்கே இருக்கும் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். "ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது", "நீ ஒண்ணும் குண்டா இல்ல", "எங்க சித்தப்பா அப்படித்தான்..." என்று பட்டிமன்றம் நடக்கும். "ரொம்ப நல்லா இருக்கு, எனக்கு ஒரு சின்ன துண்டு போதும்" என்று பாராட்டோடு வாங்கிக்கொண்டால் உபசரிப்பவர் மனம் குளிர்ந்துவிடும், வற்புறுத்தல் அத்தோடு நிற்கும். அறவே வேண்டாம் என்றால், "இப்பதான் சாப்பிட்டு வர்றேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்பது பெரும்பாலும் எடுபடும். குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை: எல்லோர் முன்னாலும் "உனக்கு இது ஆகுமா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கப்பட்டவர் அங்கே சாப்பிட மாட்டார், ராத்திரி சமையலறையில் விளக்குப் போடாமல் சாப்பிடுவார்.

'சுகர் ஃப்ரீ' இனிப்பு பற்றித் தினம் ஒருவராவது கேட்கிறார். சர்க்கரை இல்லாவிட்டாலும் கொழுப்பும் மாவும் அப்படியே இருக்கும், பெட்டியைத் திருப்பி மொத்தக் கலோரியைப் படித்துப் பாருங்கள். எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்திருக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது, அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தேன் "இயற்கையானது" என்பதால் கணக்கிலிருந்து தப்பிவிடாது. அந்நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தேனையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 25 கிராம் என்கிறது. ஒரு பெரிய கிளாஸ் இனிப்புக் குளிர்பானத்திலேயே அந்த 25 கிராம் தீர்ந்துவிடும். ஆகவே இனிப்பு சாப்பிடுகிற நாளில் தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள்.

பண்டிகைக் காலத்தில் எடையைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள் என்பேன். ஏறாமல் நிறுத்தினாலே அது வெற்றிதான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 272 பேரை வைத்து நடத்தி 2018-இல் 'பிஎம்ஜே' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினரை விடுமுறைக் காலம் முழுவதும் அடிக்கடி எடை பார்த்துக் குறித்துவரச் சொன்னார்கள். சில எளிய யோசனைகளும், எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டியிருக்கும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுடைய எடை சராசரியாக அரைக் கிலோ குறைவாக இருந்தது. மேலே சொன்ன 0.37 கிலோவை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. வாரத்தில் இரண்டு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் பாருங்கள். விருந்துக்கு மறுநாள் மட்டும் வேண்டாம், அன்று காட்டுவது தண்ணீர்க் கணக்கு.

மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்காக இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா எனப்படும் சர்க்கரையைக் குறைக்கும் வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் இனிப்பை ஈடுகட்டச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். தாங்களாக மருந்தின் அளவைக் கூட்டுவதும் கூடாது. எடை குறைப்புக்காக செமாக்ளூடைட் போன்ற ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், கொழுப்பு மிகுந்த இனிப்பை வழக்கம்போலச் சாப்பிட்டால் குமட்டலும் வாந்தியும் வரலாம்.

அதிகம் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். 'டீடாக்ஸ்' ஜூஸ், ஒரு நாள் பட்டினி எதுவும் தேவையில்லை. சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவது, பேதி மருந்து எடுப்பது, யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியாமல் சாப்பிடுவது என்று உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நடந்தால், எடைக் குறைப்பைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பண்டிகைக் கூட்டம் ஓய்ந்த பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம்.