“ஒளியை முந்திவிட்டது” என்று எழுதுவதற்கு முன்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. எம்.எஸ்சி. புராஜெக்ட் மாணவர் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். தொடக்க நொடியில் எலக்ட்ரானை ஒரு சின்ன இடத்துக்குள் அடைத்திருக்கிறார். அடுத்த கணமே ஒளிக்கூம்புக்கு வெளியிலும், அதாவது அந்த நேரத்துக்குள் ஒளிகூடப் போய்ச் சேர முடியாத இடத்திலும், எலக்ட்ரான் இருப்பதற்கான நிகழ்தகவு கொஞ்சம் இருக்கிறது. “சார், ஒளியை முந்துகிறதே, பேப்பர் எழுதலாமா?” கணக்கில் பிழையே இல்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. இவருக்கு முன்னால் வந்த இருவரும் இதே வரைபடத்தோடுதான் வந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் வருவதற்குள் ஆய்விதழுக்கே அனுப்பிவிட்டிருந்தார்.

வரைபடத்தில் அப்படி வெளியே நீளும் நிகழ்தகவு வால் புதிதல்ல. ஆற்றலுக்குக் கீழ் எல்லை ஒன்று இருந்தால், ஓரிடத்தில் முழுதாக அடைபட்ட துகள் அடுத்த கணமே எங்கும் பரவிவிடும் என்று இயற்பியலாளர் ஹெகர்ஃபெல்ட் 1974-லேயே காட்டிவிட்டார். துகள் பறந்துபோய்விட்டது என்று இதற்குப் பொருளல்ல. அப்படி அடைக்க முடியும் என்று வைத்துக்கொண்டதுதான் தவறு. எலக்ட்ரானைச் சுமார் 386 ஃபெம்டோமீட்டரைவிடக் குறுகலான இடத்தில் நெருக்கினால், புதிதாக ஓர் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்கும் அளவுக்கு ஆற்றல் சேர்ந்துவிடும். அப்புறம் “அந்த ஒரு எலக்ட்ரான் எங்கே?” என்று யாரைக் கேட்பது? நம் சிலிக்கான் டிடெக்டரின் 50 மைக்ரோமீட்டர் பிக்சல்கூட அந்த நீளத்தைப் போல 13 கோடி மடங்கு பெரியது.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதற்கு அடுத்த படி: அந்த வாலைச் செய்தி என்று எடுத்துக்கொள்வது. செய்தி என்றால் என்ன? நான் இங்கே பொத்தானை அழுத்தினால் ஒரு மாதிரி, அழுத்தாவிட்டால் வேறு மாதிரி அங்கே எண்ணிக்கை மாற வேண்டும். மாறினால்தான் செய்தி. நான் எதுவும் செய்யாமலே அங்கே இருக்கும் எண்ணிக்கை செய்தியே அல்ல. துகள்களைப் புலங்களின் அதிர்வுகளாகப் பார்க்கும் குவாண்டம் புலக் கோட்பாட்டில், ஒரு சிறு பகுதிக்குள் மட்டும் இயங்கும் டிடெக்டர் வெற்றிடத்திலும் எப்போதாவது கிளிக் செய்யத்தான் செய்யும். ரீ, ஷ்லீடர் இருவரும் 1961-இல் நிறுவிய தேற்றத்தின் விளைவு இது. (லேபில் ஒளியே விழாதபோதும் டிடெக்டர் காட்டும் எண்ணிக்கையான டார்க் கவுண்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் வெப்பத்தால் வருவது.) பொத்தானை அழுத்தியதற்கும் அழுத்தாததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். ஒளிக்கூம்புக்கு வெளியே அது சுழி. தோராயமாகச் சுழி அல்ல, சுத்தமாகச் சுழி. அப்படி விலகியிருக்கும் இரண்டு இடங்களின் அளவீடுகளைக் குறிக்கும் ஆபரேட்டர்களைக் கணக்கில் எந்த வரிசையில் போட்டாலும் விடை மாறாது என்று கோட்பாட்டிலேயே எழுதிவைத்திருக்கிறது.

கணக்கில் இருப்பவர்கள் வாலில் சறுக்குகிறார்கள் என்றால், சோதனையில் இருப்பவர்கள் கடிகாரத்தில் சறுக்குகிறார்கள். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற நியூட்ரினோ சோதனைக் குழு, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் இருக்கும் கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு, நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்ததாக அறிவித்தது. எந்த நியூட்ரினோவும் “நான் இத்தனை மணிக்குக் கிளம்பினேன்” என்று சொல்லாது. அதைப் பிறப்பித்த புரோட்டான் துடிப்பே 10.5 மைக்ரோ வினாடி நீளம். ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைச் சேர்த்து, புள்ளியியல் வழியாகத்தான் 60 நானோ வினாடி வந்தது. பிறகு 3 நானோ வினாடித் துடிப்புகளை அனுப்பியும் பார்த்தார்கள். அப்போதும் அதே விடை. ஏனென்றால் கோளாறு துடிப்பில் இல்லை. ஜிபிஎஸ் நேரத்தை முதன்மைக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழையின் கனெக்டர் முழுதாக இறுகாமல் இருந்தது. சிக்னல் தாமதமாக வந்ததால் கடிகாரம் பின்தங்கியது, அதனால் நியூட்ரினோ முந்தியதாகத் தெரிந்தது. அதே ஆய்வகத்திலிருந்த எல்விடி என்ற இன்னொரு டிடெக்டரும் ஓபராவும் பதிவுசெய்த மியூவான் துகள்களின் நேரங்களை ஒப்பிட்டபோது, சுமார் 73 நானோ வினாடிப் பிசகு தெளிவாகத் தெரிந்தது. ஓபரா குழு முடிவைக் கொண்டாடாமல், “எங்கே தவறியிருக்கிறோம் என்று பாருங்கள்” என்று எல்லோரையும் கேட்டது. அந்தப் பண்பை நான் மதிக்கிறேன்.

தயவுசெய்து இனி இப்படிச் செய்யுங்கள். “துகள் எங்கே இருந்தது?” என்று தொடங்காதீர்கள். எந்தக் கருவி, எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். துகள் பட்டால் மினுங்கும் சிண்டிலேட்டரில் தொடங்கி, அந்த ஒளியை மின் சிக்னலாக்கும் ஃபோட்டோமல்டிபிளையர், கேபிள், மின்னணு அட்டை என ஒவ்வொன்றின் தாமதத்தையும் தனித்தனியாக அளந்து வையுங்கள். கேபிளைக் கையால் தொட்டுப் பாருங்கள், யாரோ பார்த்திருப்பார்கள் என்று விடாதீர்கள். அலைச்சார்பின் (நிகழ்தகவைத் தரும் கணிதச் சார்பின்) வாலை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்விதழுக்கு எதையும் அனுப்பவே அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் வந்து கேளுங்கள், நேரம் ஒதுக்குகிறேன்.

அந்த மாணவரிடம் இயற்பியலாளர் ஃபெர்மி 1932-இல் எடுத்துக்கொண்ட கணக்கைக் கொடுத்தேன். இரண்டு அணுக்கள், நடுவே R தொலைவு. முதல் அணு கிளர்ந்திருந்தால் (கூடுதல் ஆற்றலோடு இருந்தால்) இரண்டாவது அணு என்ன செய்கிறது, முதல் அணு இல்லாவிட்டால் என்ன செய்கிறது என்று இரண்டையும் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொன்னேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வளைகோடுகளும் தொடக்கத்திலிருந்தே சுழிக்கு மேலேதான் இருந்தன. கழித்ததும் கோடு தரையோடு ஒட்டிக்கொண்டது. R-ஐ ஒளிவேகத்தால் வகுத்த அந்த நேரம் வந்த பிறகுதான் மேலே எழுந்தது. அவர் அந்த இடத்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.