பின்வாசல் தெரியாத தொண்டை

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவைத் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். வாசல்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். தொண்டையின் அமைப்பு அப்படியில்லை. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபின் தலையை நிமிர்த்தி, தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பின் தகட்டால் நாக்கைத் தூக்கி வளைவை நிமிர்த்தினால்தான் குரல்நாண்கள் கண்ணில் படும், மூச்சு கொடுக்கும் டியூப் மூச்சுக்குழலுக்குள் போகும்.

மயக்க மருத்துவர்கள் முன்பே சோதிப்பார்கள். "ஆச்சி, வாயை நல்லாத் திறங்க. உங்க விரல் மூணு உள்ளே போகுதா? வெத்தலை பாக்குப் போடுவீகளா?" பாக்குக் கேள்வி சும்மா இல்லை. வருஷக்கணக்கில் பாக்கு மென்ற சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, ஒன்றரை விரல்கூட நுழையாது. அது முன்னாலேயே தெரிந்துவிடும் சிக்கல். நாக்கின் அடிவேரில் பெருத்துக் கிடக்கும் டான்சில் சதையோ டார்ச் அடித்தாலும் தெரியாது. மயக்கம் ஏறி, தசை தளர்ந்து, மூச்சு நின்றபிறகுதான் வழி மறைந்திருப்பது புரியும்.

அப்போது எவ்வளவு நேரம் இருக்கிறது? 70 கிலோ ஆள் மூச்சை விட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்று 2 லிட்டர் சொச்சம். உடம்பு நிமிஷத்துக்கு 250 மில்லி ஆக்சிஜனைத் தின்னும். அறைக்காற்றை நம்பினால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் கதை முடிந்தது. முன்கூட்டியே 3 நிமிஷம் முகமூடியை இறுக்கிப் பிடித்து சுத்த ஆக்சிஜன் நிரப்பியிருந்தால் ஏழெட்டு நிமிஷம் கிடைக்கலாம். பருத்த உடம்புக்காரர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அதில் பாதியை நம்புவதே அதிகம்.

பிரிட்டனின் 2015 வழிகாட்டுதல்படி டியூப் முயற்சி மூன்று தரம்; கைதேர்ந்த இன்னொருவர் வந்தால் நாலாவது. ஒவ்வொரு தரமும் ஏதாவது மாற வேண்டும்: தலை உயரம், தகடு, பூஜி என்கிற வழிகாட்டிக் கம்பி. அதே தகட்டை அதே கோணத்தில் மறுபடி நுழைப்பது வெறும் பிடிவாதம். உரசும்போதெல்லாம் சதை வீங்கி ரத்தம் கசியும். முதலில் முகமூடி வழியாக ஏறிய காற்றும் பிறகு ஏறாது. டியூப் போகாவிட்டாலும் ஆள் பிழைப்பார், ஆக்சிஜன் உள்ளே போனால் போதும். தகட்டைக் கீழே வைக்கத் தெரிவதுதான் இங்கே பெரிய வித்தை.

அடுத்தது, குரல்வளைக்கு மேல் சின்ன முகமூடி மாதிரி உட்காரும் எல்.எம்.ஏ. என்கிற குழாய். குரல்நாண்களைப் பார்க்காமலே செருகலாம். அதற்கும் மூன்று தரம்தான் கணக்கு. அதுவும் தோற்றால் இருவர் சேர்ந்து முகமூடி. காற்று ஏறினால் நோயாளியை எழுப்பிவிடலாம். தசையைத் தளர்த்தக் கொடுத்த ரோகுரோனியம் மருந்தை உடனே முறிக்க, சுகமாடெக்ஸ் என்கிற முறிமருந்து கிலோவுக்கு 16 மி.கி.; 70 கிலோவுக்கு 200 மி.கி. குப்பி ஆறு வேண்டும். அலமாரியில் அத்தனை இருக்கிறதா என்று காலையிலேயே எண்ணிவிடுவது நல்லது.

எதுவும் ஏறாவிட்டால் கழுத்துதான். துருத்தித் தெரியும் குரல்வளைக்குக் கீழே விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்படும் சவ்வில் 10-ஆம் நம்பர் கத்தியைக் குறுக்காக இறக்கி, வெட்டும் விளிம்பு கால்பக்கம் பார்க்கத் திருப்பி, ஓரமாகப் பூஜியை நுழைத்து, அதன்மேல் 6 மி.மீ. டியூப். கத்தி, பூஜி, டியூப் மூன்றும் ஒரே கவரில் மயக்க மெஷினிலேயே தொங்க வேண்டும். டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை மார்பு அசைவை வைத்து முடிவு செய்யக்கூடாது. வெளிவரும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் திரையில் கரியமிலவாயு அலை மூச்சுக்கு மூச்சு எழும்ப வேண்டும்.