பீப்பாய் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்

இரண்டு பாட்டில் பிளாண்டன்ஸ், அமெரிக்காவின் பர்பன் விஸ்கி. ஒரே லேபிள், ஒரே 46.5 சதவீத ஆல்கஹால், மூடியில் அதே குதிரைவீரன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றி முகர்ந்தேன். ஒன்றில் ஆரஞ்சுத் தோலும் தேனும். இன்னொன்றில் கிராம்பும், பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசமும். லேபிளைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கையால் எழுதியிருந்த பீப்பாய் எண் வேறு வேறு.

சாதாரண பர்பனில் பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்து, எப்போது வாங்கினாலும் ஒரே சுவை இருக்கும்படி சரிக்கட்டுவார்கள். 'சிங்கிள் பேரல்' என்றால் ஒரு பாட்டிலில் இருப்பது முழுக்க ஒரே பீப்பாயில் ஊறியது. 1984-இல் கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து வடிசாலையில் (இன்று அதன் பெயர் பஃபலோ டிரேஸ்) தலைமை வடிப்பாளர் எல்மர் டி. லீ இப்படித்தான் பிளாண்டன்ஸைக் கொண்டுவந்தார். அதன் பிறகே இது கடைகளில் தனி ரகமாக நிலைத்தது.

பீப்பாய் மாறினால் சுவை ஏன் இவ்வளவு மாற வேண்டும்? அமெரிக்கச் சட்டப்படி பர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உள்ளே கரித்த புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். நிறமோ மணமோ எதுவும் சேர்க்கக் கூடாது. ஆக, அந்தச் செம்பழுப்பு நிறம் முழுக்க மரம் கொடுத்தது. வாசத்திலும் பெரும்பங்கு மரத்துடையதே. பீப்பாயின் உள்பக்கம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் எரியும். ஆனால் கரிக்குக் கீழே இருக்கும் மரம் அந்தச் சூட்டில் மாறிவிடுகிறது. மரத்திலுள்ள அரைச் செல்லுலோஸ் சர்க்கரைகளாக உடைந்து பாகு போலக் கருகுகிறது. மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் உடைந்து, வெனிலா வாசம் தரும் வெனிலின் வருகிறது. கிராம்பில் இருக்கும் அதே வாசப்பொருளான யூஜினால் ஓக்கிலும் உண்டு. கொப்பரைத் தேங்காய் வாசம் தருவது ஓக் லாக்டோன். வேறு வேறு மரங்களில் அறுத்த பலகைகளைச் சேர்த்துத்தான் ஒரு பீப்பாய் செய்கிறார்கள். அப்புறம் இரண்டு பீப்பாய் எப்படி ஒன்றுபோல இருக்கும்?

பீப்பாய் வைத்த இடமும் சேர்ந்துகொள்கிறது. கென்டக்கிக் கிடங்குகள் பலவும் அடுக்குமாடி. கோடையில் மேல்தளம் கொதிக்கும். சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வரும். மேல்தளத்தில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாவதால் வருடம் ஏற ஏறச் சரக்கின் வீரியமும் ஏறும். கீழ்த்தளத்தில் எல்லாமே நிதானம். ஃபோர் ரோசஸ் என்ற பர்பன் நிறுவனம் இந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் ஒரே தளக் கிடங்குகளை வைத்திருக்கிறது.

சரி, சுவைக்கும் விஷயத்துக்கு வருவோம். வாய் குறுகிய கிளாஸில் 15 மில்லி போதும். வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்தாது. முதல் வாயை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மிளகாய்க் காரத்தை உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. வழக்கமாகச் சுமார் 42 டிகிரிச் சூட்டில் விழிக்கும் அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. நம் வாயின் சூடே நமக்கு எரிச்சலாகத் தெரிகிறது! இரண்டாம் வாயில் நாக்கு பழகிவிடும். விழுங்கியபின் மூச்சை மூக்கு வழியே மெதுவாக விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் அந்த வாசத்தைத்தான் நாம் 'சுவை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு சில சொட்டுத் தண்ணீர். 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். புகை வாசம் தரும் குவையகால் மூலக்கூறுகள், வீரியம் 45 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தால் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. 59 சதவீதத்துக்கு மேலே போனால் எத்தனால் அவற்றைச் சூழ்ந்து உள்ளேயே பிடித்து வைக்கிறது. தண்ணீர் விட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

மதிப்பெண் போடுவதுதான் இதில் கஷ்டமான வேலை. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் நடுவர்களை ராபர்ட் ஹாட்ஜ்சன் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, அவர்களுக்குத் தெரியாமல், ஊற்றிக் கொடுத்தார்கள். பெரும்பாலோரின் மதிப்பெண் நான்கு புள்ளி மேலும் கீழும் ஆடியது. பயிற்சி பெற்ற நாக்குக்கே இந்தக் கதி என்றால் நூற்றுக்கு 91-க்கும் 93-க்கும் இடையே சண்டை எதற்கு? வீட்டில் இன்னொருவரை விட்டு, லேபிள் தெரியாமல் நான்கு கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள். அதில் இரண்டு ஒரே பாட்டிலாக இருக்கட்டும். அந்த இரண்டுக்கும் நீங்கள் போடும் மார்க் எவ்வளவு விலகுகிறதோ, அதற்கும் குறைவான வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

குறிப்பேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பீப்பாய் எண், கிடங்கு, தேதி மூன்றையும் எழுதுவது என் வழக்கம். ஒரு பீப்பாய்க்கு பெரும்பாலும் 150 முதல் 200 பாட்டில்தான் தேறும். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். கிளாஸை உடனே கழுவவும் மாட்டேன். விடிவதற்குள் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும், சட்டென்று ஆவியாகாத வெனிலின் மாதிரியானவை அடியில் ஒட்டியிருக்கும். காலையில் காபிக்கு முன்னால் அதை முகர்ந்துவிட்டுத்தான் கடைசி வரியை எழுதுகிறேன்.