பழைய காரின் கிளட்ச் லிங்கேஜ்: ஆர்டர் போடும் முன் அளந்து பாருங்கள்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைக்கு வரும் வண்டிகளில் ஒரு ரகம் உண்டு. இன்ஜின் தயார், பெயின்ட் பளபளக்கும், சீட் எல்லாம் புதுசு. கூடவே ஒரு டப்பா வரும். அதில் வளைந்த கம்பிகள், துருப்பிடித்த பின்கள், இரண்டு ஸ்பிரிங், எதற்கென்றே தெரியாத ஒரு தகடு. "கிளட்ச் பக்கம் இருந்தது சார், எது எங்கே என்றுதான் தெரியவில்லை" என்பார் உரிமையாளர். இன்ஜின் வேலையை விட அந்த டப்பாதான் எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும்.

கிளட்ச் பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) விரல்கள் அமுங்க வேண்டும். இடையில் இருப்பவை எல்லாம் லிங்கேஜ். அது மூன்று வகை: கம்பியும் நெம்புகோலுமாக இருப்பது, கேபிள், ஹைட்ராலிக். முதல் வகையில்தான் குழப்பம் அதிகம். பெடலிலிருந்து ஒரு புஷ் ராட் இறங்கி ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும். தண்டின் இன்னொரு கை அடுத்த ராடைத் தள்ளும், அது ஃபோர்க் என்ற கவைக்கையைத் தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும், அந்த பேரிங்தான் விரல்களை அமுக்கும். அமெரிக்க வண்டிகளில் இந்தக் குறுக்குத் தண்டை இசட் பார் என்பார்கள். அதன் ஒரு முனை இன்ஜின் பக்கம், மறுமுனை சேசிஸ் அல்லது பாடி பக்கம். ரப்பர் மவுன்டிங்கில் இன்ஜின் குலுங்கும்போது லிங்கேஜ் இறுகிக்கொள்ளக் கூடாது என்பதற்காக முனைகளில் உருண்டைத் தலை கொண்ட ஸ்டட் இருக்கும். மோரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கில காரிலும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும் தண்டு கியர்பாக்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே உண்டு. அதன் புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) தேய்ந்தால் பெடல் பாதி தூரம் சும்மாவே போகும்.

பெரும்பாலானோர் தவறுவது ஒரே இடத்தில்தான்: வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லிப் பாகம் கேட்பது. அது போதாது. 1960களின் ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வருட வண்டியில் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு ஒரு இசட் பார், சின்ன வி8க்கு ஒன்று, பெரிய வி8க்கு இன்னொன்று. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாற்றிப் போட முடியாது. இத்தனை வருடத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் மாற்றப்படாத வண்டி எத்தனை இருக்கும்? ஆர்சி புத்தகத்தில் இருக்கும் வண்டிக்கு இல்லை, இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்ச்சை மூடும் கூடு) பிரஷர் பிளேட்டுக்கும்தான் பாகம் தேட வேண்டும். ஸ்டீயரிங் இடமா வலமா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பாகத்தில் நம்பர் இருந்தால் நல்லது, ஆனால் அது என்ன நம்பர் என்று பாருங்கள். வார்ப்பில் புடைத்து நிற்பது காஸ்டிங் நம்பர். ஒரே வார்ப்பை வேறு வேறு விதமாகக் கடைந்து வேறு வேறு பாகம் செய்திருப்பார்கள், அதனால் அது பார்ட் நம்பர் ஆகிவிடாது. அந்தக் கால ஃபோர்டு எண்கள் கொஞ்சம் பேசும்: 'சி5இசட்' என்று தொடங்கினால் சி என்பது 1960கள், 5 என்பது 1965, இசட் என்பது மஸ்டாங். அதுவும் அந்த வடிவமைப்பு வந்த வருடம்தான். அடுத்த வருட வண்டியிலும் அதே பாகம் இருந்திருக்கலாம்.

நம்பர் இல்லையா? வெர்னியரை எடுங்கள். கிளெவிஸ் பின்னில் (ராடையும் நெம்புகோலையும் இணைக்கும் பின்) ஆரம்பியுங்கள், யாருமே மதிக்காத பாகம் அது. பழைய ஆங்கில, அமெரிக்க வண்டிகளில் கால் அங்குல பின் சாதாரணம், அதாவது 6.35 மி.மீ. கைக்குக் கிடைத்தது 6 மி.மீ. பின், அழகாக நுழைகிறது, ஸ்பிளிட் பின்னும் போட்டாயிற்று. ஆனால் அந்த ஒரு இணைப்பிலேயே 0.35 மி.மீ. ஆட்டம் வந்துவிட்டது. அது பெடல் பக்க இணைப்பாக இருந்து, பெடலின் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால், காலடியில் 1.75 மி.மீ. வீண். ஃபோர்க் பக்கம் நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் இன்னும் கூடும். நாலைந்து இணைப்பிலும் இப்படிச் சேர்ந்தால் கிளட்ச் முழுசாக விடாது, முதல் கியர் கரகரக்கும். உடனே பழி கிளட்ச் பிளேட் மேல் விழும், கியர்பாக்ஸ் கீழே இறங்கும். ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் புதுப் பின்னாலும் பயன் இல்லை. ஓட்டையைப் பற்றவைத்து நிரப்பி மறுபடி துளைக்க வேண்டும், அல்லது புஷ் இறக்க வேண்டும்.

மரையிலும் இதே கதைதான். 5/16 அங்குலத்தில் யுஎன்எஃப் (அமெரிக்க நுண்மரை) என்றால் அங்குலத்துக்கு 24 மரை, பிஎஸ்எஃப் (ஆங்கில நுண்மரை) என்றால் 22. விட்டம் ஒன்றே என்பதால் இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் ராடும் போச்சு, நட்டும் போச்சு. திரெட் கேஜ் விலை அதிகமில்லை, ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் அளவை வைத்து மரையை ஊகிக்கவும் வேண்டாம். சில பழைய மோரிஸ் இன்ஜின்களில் மெட்ரிக் மரைக்கு விட்வொர்த் என்ற பழைய ஆங்கில அளவில் தலை வைத்திருப்பார்கள். யார் மேல் என்ன கோபமோ!

ஹைட்ராலிக் வண்டியில் பார்க்க வேண்டியது சிலிண்டரின் உள்விட்டம். பெடல் பக்கம் 5/8 அங்குல மாஸ்டர் சிலிண்டர் இருந்த இடத்தில் "இதுவும் பொருந்தும்" என்று 3/4 போட்டால், பரப்பளவு 1.44 மடங்கு. பெடல் அதே அளவுக்குக் கனக்கும், ஃபோர்க் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் அதே அளவுக்கு அதிகமாகத் தள்ளும், பிரஷர் பிளேட்டின் விரல்கள் எல்லை தாண்டி அமுங்கும். போல்ட் ஓட்டைகள் பொருந்துவது மட்டும் ஒரு அடையாளம் இல்லை. எம்ஜிபி மாதிரி வண்டிகளில் இன்னொன்று: குழாயில் காற்று இருக்கிறது என்று அதை வெளியேற்ற திரும்பத் திரும்ப பிளீட் செய்துகொண்டே இருப்பார்கள், கடைசியில் குற்றவாளி பெடலில் தேய்ந்த பின்னாக இருக்கும்.

கேபிள் வகை எளிது. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் மட்டும் கேபிளின் நீளத்தோடு, அது நுழையும் பவ்டன் குழாயின் தொய்வையும் பாருங்கள். 25 முதல் 45 மி.மீ. வரை தொங்க வேண்டும். நேராக இழுத்துக் கட்டினால் கிளட்ச் உதறும்.

டப்பாவில் தடித்த ஸ்பிரிங் ஒன்று கிடந்தால் அது எது என்று யோசியுங்கள். மெல்லியது ரிட்டர்ன் ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டு சீக்கிரம் போய்விடும். பெடல் பக்கம் மாட்டும் தடித்தது ஓவர் சென்டர் ஸ்பிரிங், பழைய மூன்று விரல் பிரஷர் பிளேட்டின் கனத்தைக் குறைக்க வைத்தது. டயஃப்ரம் (ஒற்றைத் தட்டு ஸ்பிரிங்) பிரஷர் பிளேட்டுக்கு மாறிய வண்டியில் அதை அப்படியே விட்டால் மிதித்த பெடல் மேலே வராது. புதுசாக வாங்கி மாட்டியது நீங்களே என்றால் சந்தேகம் அங்கே போகவே போகாது.

ரிலீஸ் பேரிங்கின் உயரமும் பிரஷர் பிளேட்டோடு சேர்ந்தது. பழையதும் புதியதும் பக்கத்தில் நிற்கும்போது உயரம் வேறுபட்டால், இன்ஜினைச் சேர்ப்பதற்கு முன்பே நிறுத்துங்கள். பழைய ஆங்கில வண்டிகளில் இருக்கும் கிராஃபைட் பேரிங்கை பால் பேரிங் என்று நினைத்து கிரீஸ் வைக்காதீர்கள்.

கழற்றும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு இணைப்பும் இருந்த நிலையில் படம், ராட்களின் நீளம், எந்த ஓட்டையில் எந்தப் பின் என்று ஒரு அட்டை. மணல் அடித்துச் சுத்தம் செய்வது அப்புறம். பளபளப்பாகத் தேய்ந்த இடங்கள்தான் எது எதைத் தொட்டது என்று காட்டும், மணல் பட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதவே வேண்டாம். அந்தக் கால கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, மூடிய பையில் போட்டு அகற்றுங்கள். முகத்தில் சும்மா துணி கட்டினால் போதாது, நுண்தூசிக்கான சுவாசக் கவசம் வேண்டும்.

உடைந்த பாகத்தையும் வைத்திருங்கள். முறிந்த இசட் பாரில் கைகளின் நீளமும் கோணமும் அப்படியே இருக்கும். புது பாகம் வந்ததும் இரண்டையும் மேசையில் அடுத்தடுத்து வைத்து, சுழலும் மையத்திலிருந்து ஒவ்வொரு ஓட்டைக்கும் அளந்து பாருங்கள். பெடலில் சுமார் 20 முதல் 25 மி.மீ. ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) வைத்து, வண்டி நாலு தடவை சூடாகி ஆறிய பிறகும் அது மாறாமல் நின்றால், அப்புறம் பழையதைக் காயலான் கடைக்குப் போடலாம்.